45 கோடி பேர் ஊரை விட்டு ஓடினார்களா? இடப்பெயர்வுக் கணக்கும் தினப் பயணக் கணக்கும்

கேள்வி, 21 ஜூன் 2025

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 45 கோடிக்கும் மேற்பட்டவர்கள் இடம்பெயர்ந்தவர்கள். மூன்றில் ஒருவருக்கு மேல் பிழைப்பு தேடிச் சொந்த ஊரை விட்டு ஓடியிருக்கிறார் என்றால் கிராமம் செத்துவிட்டது என்றுதானே அர்த்தம்? 2027 கணக்கெடுப்புக்கு அறிவிப்பும் வந்துவிட்டது. இந்த முறை பாதிப் பேர் என்று வரும் பாருங்கள். யாராவது மறுக்க முடியுமா?

22 ஜூன் 2025, காலை

நான் மறுக்கிறேன். அந்த 45 கோடியில் நானும் ஒருத்தி. பிழைப்பு தேடி எங்கேயும் ஓடவில்லை. கல்யாணமாகி அரக்கோணத்துக்கு வந்தேன். பிறந்த ஊர் இங்கிருந்து ஒன்பது கிலோமீட்டர், டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம். அம்மா வைத்த குழம்பு சூடு ஆறாமல் வந்து சேரும் தூரம். கணக்கெடுப்பில் நான் இடம்பெயர்ந்தவள்.

2011 படிவத்தில் இடம்பெயர்ந்ததற்கான காரணம் ஏழு: வேலை, வியாபாரம், படிப்பு, திருமணம், பிறந்த பின் இடம் மாறியது, குடும்பத்தோடு வந்தது, பிற. 45 கோடியில் 21 கோடிக்கு மேல் திருமணம். வேலைக்காக வந்ததாகச் சொன்னவர்கள் பத்தில் ஒருவர்தான். எவ்வளவு தூரம் போனார்கள் என்று பார்த்தால், நூற்றில் 62 பேர் அதே மாவட்டத்துக்குள். மாநிலம் விட்டு மாநிலம் போனவர்கள் ஐந்தரைக் கோடிக்குள். மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு பெண்கள்.

அதாவது அந்தப் பெரிய எண்ணில் பாதிக்குக் கிட்ட, பக்கத்து ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போன பெண்கள். கிராமம் செத்ததற்கு இதைச் சாட்சியாகக் கூப்பிடாதீர்கள்.

22 ஜூன் 2025, இரவு

எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். 2011 பிப்ரவரி 9 முதல் 28 வரை கணக்கெடுப்பாளராக வீடு வீடாகப் போனவள் நான். அப்போது நடுநிலைப் பள்ளி ஆசிரியை. என் பகுதியில் 130 வீடு சொச்சம். பள்ளி விட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவேன். படிவத்தை மடிக்கக் கூடாது, கசக்கக் கூடாது, இயந்திரம் படிக்கும் என்று பயிற்சியில் பத்துத் தடவை சொல்லி அனுப்பினார்கள். அட்டைப் பலகை, அதன் மேல் பிளாஸ்டிக் உறை, அதற்குள் படிவம்.

ஒரு வீட்டில் பாட்டி திண்ணையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எழுபது வயதுக்கு மேல்.

"பிறந்த ஊர் எது பாட்டி?"

"இதே ஊர்தான்."

எழுதிவிட்டேன். உள்ளேயிருந்து மருமகள் எட்டிப் பார்த்து, "அத்தை பிறந்தது திருத்தணிப் பக்கம் டீச்சர், கல்யாணமாகி வந்தவங்க" என்றார். பாட்டி கீரையைக் கீழே வைத்துவிட்டார். "பதினாறு வயசுல வந்தேன். அறுபது வருஷமா இங்கதான் கெடக்கறேன். இன்னும் என்ன வெளியூர்க்காரின்னு எழுதப் போறியாம்மா?"

என்னிடம் பதில் இல்லை. விதிப்படி எழுதத்தான் வேண்டும். வேறு படிவம் எடுத்து அந்த வீட்டை முதலிலிருந்து எழுதினேன். 130 வீட்டில் இப்படி எத்தனை பாட்டிகள் "இதே ஊர்தான்" என்று சொல்லி, எட்டிப் பார்க்க மருமகள் இல்லாமல் நான் அப்படியே எழுதிப் போயிருப்பேன்? அந்த எண்ணம் இன்றைக்கும் உறுத்துகிறது.

23 ஜூன் 2025

நேற்றுக் காலை எழுதியதில் ஒரு ஓட்டை இருக்கிறது. வேறு யாரும் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

"வேலைக்காக வந்தவர் பத்தில் ஒருவர்" என்று அடித்துச் சொன்னேன். படிவத்தில் ஒருவருக்கு ஒரே ஒரு காரணம்தான் எழுத முடியும். திருப்பூருக்குக் கணவனோடு வந்து, மறுவாரமே பனியன் கம்பெனியில் மெஷினில் உட்கார்ந்த பெண் "கல்யாணமாகி வந்தேன்" என்றுதான் சொல்வாள், அல்லது "குடும்பத்தோடு வந்தோம்" என்பாள். பத்து வருஷம் தையல் தைத்தாலும் வேலைக் கணக்கில் அவள் இல்லை. ஆண்கள் "வேலைக்கு வந்தேன்" என்று சொல்லக் கூச்சப்படுவதில்லை. பெண்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்கும்போதே, பக்கத்தில் நிற்கும் மாமியாரோ கணவரோ "கல்யாணம்னு போடுங்க" என்று முடித்துவிடுவார்கள். நானும் அப்படியே போட்டிருக்கிறேன்.

அதனால் 21 கோடி என்பது முழுக்கவும் பக்கத்து ஊர் மணப்பெண்கள் அல்ல. வேலைக்கான இடப்பெயர்வு அந்தக் கட்டத்துக்குள்ளும் ஒளிந்திருக்கிறது. கிராமம் செத்துவிட்டது என்ற முடிவை இன்னும் ஏற்கவில்லை. ஆனால் "பத்தில் ஒன்றுதான்" என்று இனி சொல்ல மாட்டேன்.

25 ஜூன் 2025

ஐந்தாவது காரணம் என்ன, பிறந்த பின் இடம் மாறுவது என்றால் என்ன என்று சென்னைத் தம்பி ஒருவர் கேட்கிறார். தலைப்பிரசவத்துக்கு எங்கே போவோம்? அம்மா வீட்டுக்கு. என் மகள் பிறந்தது என் அம்மா வீட்டுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில். மூன்றாவது மாதம் தொட்டிலோடு இங்கே தூக்கி வந்தோம். அதனால் அவளும் இடம்பெயர்ந்தவள். காரணம் எண் 5.

இந்தக் கட்டம் 2001-ல் வந்தது. இடப்பெயர்வுக்கான காரணத்தை 1981-லிருந்துதான் கேட்கிறார்கள். 1991-ல் வெள்ளம், வறட்சி போன்ற இயற்கைச் சீற்றம் என்று ஒரு கட்டம் இருந்தது. 2001-ல் அதை எடுத்துவிட்டுப் பிள்ளைகளுக்கான இந்தக் கட்டத்தைச் சேர்த்தார்கள். பிள்ளைகளைத் தனியாகப் பிரித்தது நல்லதுதான், இல்லாவிட்டால் "குடும்பத்தோடு வந்தது" என்பதில் கலந்துவிடும். ஆனால் சீற்றத்தை எடுத்தது எனக்கு வருத்தம். மூன்றே வருஷத்தில் சுனாமி வந்தது. நாகப்பட்டினத்தில் கடலோரத்திலிருந்து வேறு ஊருக்குக் குடிபோன ஒரு குடும்பம் 2011-ல் என்ன காரணம் சொல்லியிருக்கும்? "பிற"தான். கடல் வந்து வீட்டை எடுத்துக்கொண்டு போனது அட்டவணையில் "பிற" என்று கிடக்கிறது.

29 ஜூன் 2025, ஞாயிறு

இன்றைக்குக் கொஞ்சம் விரிவாக எழுத நேரம் இருக்கிறது. முதல் நாளிலிருந்தே இதைச் சொல்லத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

என் கணவர் பிறந்தது அரக்கோணம். படித்தது அரக்கோணம். இன்றைக்கும் அதே வீடு. இடப்பெயர்வு அட்டவணைப்படி அவர் அசையாதவர். அந்த அசையாதவர் 1988-லிருந்து 2014 வரை, 26 வருஷம், தினமும் சென்னைக்குப் போய் வந்தார். காலை ஐந்தே முக்காலுக்குச் சைக்கிளை எடுப்பார். ஸ்டேஷன் வாசல் ஸ்டாண்டில் போட்டுவிட்டு யூனிட் வண்டியைப் பிடிப்பார். எலக்ட்ரிக் ட்ரெயினை இங்கே பழைய ஆட்கள் யூனிட் என்றுதான் சொல்வோம். வீடு திரும்ப இரவு எட்டரை. ஒரு பக்கம் 69 கிலோமீட்டர், போக வர 138. வருஷத்துக்கு 280 நாள் என்று வைத்தால் 26 வருஷத்தில் பத்து லட்சம் கிலோமீட்டருக்கு மேல். நிலாவுக்குப் போய்த் திரும்பி வந்தாலும் எட்டு லட்சத்தைத் தொடாது.

மகள் சின்னவளாக இருந்தபோது வாரத்தில் ஆறு நாள் அப்பாவைத் தூக்கத்தில்தான் பார்ப்பாள். அவர் கிளம்பும்போது இவள் தூங்குவாள், அவர் வரும்போதும் தூங்கியிருப்பாள். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து அதில் மிச்சம் இருக்கும் மிக்சரை எடுத்துத் தின்பதுதான் அவளுக்கு அப்பா வந்து போனதற்கு அடையாளம். மாலையில் வண்டியில் யாரோ வாங்கும் மிக்சரில் ஒரு கை இவளுக்காக டப்பாவில் போட்டு வருவார்.

ஒன்பது கிலோமீட்டர் ஒரே ஒரு தடவை நகர்ந்த நான் அந்த 45 கோடியில் இருக்கிறேன். பத்து லட்சம் கிலோமீட்டர் அலைந்தவர் இல்லை.

சரி, அவருக்கு வேறு அட்டவணை இருக்கிறது. 2011-ல் வேலைக்குப் போகும் தூரமும் வாகனமும் கேட்டார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தது வேறொரு டீச்சர். அவர் எழுதியதை வைத்து அட்டவணையில் என் கணவர் விழுந்த கட்டம்: 51 கிலோமீட்டருக்கு மேல், ரயில். நாடு முழுக்க இந்தக் கேள்விக்குள் வந்தவர்கள் 20 கோடிப் பேர். அதில் பத்துக்கு மூன்று பேர் பயணமே இல்லை என்றவர்கள், வீட்டோடு கடை, வீட்டிலேயே வேலை. ஐந்தில் ஒருவருக்கு மேல் நடந்து போகிறவர்கள். சைக்கிளில் போனவர்கள் மோட்டார் சைக்கிளில் போனவர்களை விடக் கொஞ்சம் அதிகம், அது 2011. ரயில் நூற்றுக்கு மூன்று நான்கு பேர்தான்.

வாகனமும் ஒன்றுதான் எழுத முடியும். இரண்டு சக்கரத்தில் ஸ்டேஷன் வரை மிதித்த 26 வருஷம் அதில் இல்லை.

அதைவிடப் பெரிய குறை, எங்கே போகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. எவ்வளவு தூரம், எதில், அவ்வளவுதான். அரக்கோணத்திலிருந்து 51 கிலோமீட்டருக்கு மேல் ரயிலில் போகிறவர் சென்னைக்கும் போகலாம், எதிர்ப்பக்கம் காட்பாடிக்கும் போகலாம். எந்தப் பக்கம் கூட்டம் என்று கணக்கெடுப்பைப் பார்த்துச் சொல்ல முடியாது. காலை வண்டியில் தொங்கிக்கொண்டு போகும் பையனைக் கேட்டால் சொல்வான்.

30 ஜூன் 2025

லண்டனிலிருந்து ஒரு வாசகர்: அங்கே வேலை செய்யும் இடத்தின் முகவரியையே கேட்கிறார்களாம், 1921-லிருந்து. எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எத்தனை பேர் என்று வரைபடமே போடலாம். பொறாமையாக இருக்கிறது. ஆனால் அவர்களுடைய 2021 கணக்கெடுப்பு மார்ச் 21 அன்று, ஊரடங்கு நடுவில் நடந்தது. இங்கிலாந்து, வேல்ஸில் வேலையில் இருந்தவர்களில் 31 சதவீதம் பேர் வீட்டிலிருந்து வேலை என்று பதிவானது. ஒரு நூறாண்டு வரிசையில் அந்த ஒரு வருஷம் மட்டும் ஊரே வீட்டுக்குள் இருந்த வருஷமாகப் போய்விட்டது.

1 ஜூலை 2025

20 கோடிதானா, இந்தியாவில் உழைப்பவர்கள் அவ்வளவுதானா என்று கேட்டவருக்கு: இல்லை. விவசாயம் செய்பவர்கள், விவசாயக் கூலிகள், வீட்டுத் தொழில் செய்பவர்கள் ஆகிய மூன்று வகையினரையும் பயணக் கேள்வியிலிருந்து விட்டுவிட்டார்கள். மீதி உள்ளவர்கள்தான் 20 கோடி. வயல் வீட்டுக்குப் பக்கத்தில்தானே இருக்கும் என்று நினைத்திருப்பார்கள் போல.

எங்கள் பக்கம் நடவுக் காலத்தில் வந்து பாருங்கள். காலை ஆறு மணிக்கு மினிடோர் வந்து நிற்கும். ஏழு பேர் உட்காரும் இடத்தில் இருபது பெண்கள், முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டு, தூக்குவாளியோடு. பன்னிரண்டு கிலோமீட்டர், பதினைந்து கிலோமீட்டர் தள்ளி ஆள் கிடைக்காத ஊருக்கு நடவுக்குப் போவார்கள். வண்டிக்கூலி நாள் கூலியில் பிடித்தம். இவர்களுக்குத் தூரமும் இல்லை, வாகனமும் இல்லை. என் வகுப்பில் படித்த பெண்களின் அம்மாக்கள் இவர்கள், அதனால் இது எனக்குத் தனியாக வலிக்கிறது.

6 ஜூலை 2025

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழு 2024 டிசம்பரில் வெளியிட்ட கட்டுரையில் இடம்பெயர்ந்தவர்கள் 40 கோடியாகக் குறைந்துவிட்டார்கள் என்று மதிப்பிட்டிருக்கிறார்களே, அப்படியானால் இரண்டில் எது உண்மை என்கிறார். தன் "பாதிப் பேர்" கணிப்பை அவரே சந்தேகிக்கிறார், அது எனக்குப் பிடித்திருக்கிறது.

அந்த மதிப்பீட்டுக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட முக்கியமான தடயம் முன்பதிவில்லாத ரயில் டிக்கெட். தூரத்து வேலை இடப்பெயர்வை அறிய அது நல்ல தடயம். 2016-17 பொருளாதார ஆய்வறிக்கையும் இதே வழியில் போய், 2011-க்கும் 2016-க்கும் நடுவில் வருஷத்துக்கு 90 லட்சம் பேர் மாநிலம் விட்டு மாநிலம் போகிறார்கள் என்று சொன்னது. ஆனால் 45 கோடியில் பாதிக்குக் கிட்ட என்னைப் போலக் கல்யாணமாகி வந்தவர்கள் என்று முதல் நாளே சொன்னேன். என் கல்யாணத்துக்கு ரயில் டிக்கெட் யாரும் எடுக்கவில்லை.

இன்னொருவர் இடம்பெயர்ந்தவர்கள் 28.9 சதவீதம் என்று ஒரு எண் போட்டிருக்கிறார். அது மத்திய அரசின் 2020-21 தொழிலாளர் ஆய்வு. அதில் ஆறு மாதமாவது தங்கிய இடத்தைத்தான் முந்தைய இடமாக எடுத்துக்கொள்வார்கள். மூன்று மாதத்தில் தொட்டிலோடு வந்த என் மகள் அதில் வர மாட்டாள். கணக்கெடுப்போடு அதை வைத்துக் கூடியது குறைந்தது என்று பேச முடியாது. அந்த ஆய்விலும் பெண்களுக்கான காரணத்தில் திருமணம்தான் 86.8 சதவீதம்.

7 ஜூலை 2025

எல்லையைப் பற்றி யாருமே பேசவில்லையே. 2025 டிசம்பர் 31-க்குள் மாவட்டம், தாலுகா எல்லை மாற்றங்களை முடித்துவிடுங்கள், அதன் பிறகு கணக்கெடுப்பு முடியும்வரை கோட்டைத் தொடக் கூடாது என்று மாநிலங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். 2011-ல் தமிழ்நாட்டில் 32 மாவட்டம், இப்போது 38. அரக்கோணம் அப்போது வேலூர் மாவட்டம், 2019-லிருந்து ராணிப்பேட்டை. குடியாத்தத்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்ட பெண் 2011-ல் மாவட்டத்துக்குள் நகர்ந்தவள். 2027-ல் அவளே மாவட்டம் விட்டு மாவட்டம் வந்தவள். ஆந்திராவும் தெலங்கானாவும் 2014-ல் பிரிந்ததால், விஜயவாடாவிலிருந்து ஹைதராபாத் போய் முப்பது வருஷமாக இருப்பவர்கள் எல்லாம் ஒரே நாளில் வெளிமாநிலத்தார். மாநிலம் தாண்டியவர் எண்ணிக்கை அடுத்த முறை எகிறும்போது யாராவது இங்கே வந்து ஓடுகிறார்கள் ஓடுகிறார்கள் என்று கூவாமல் இருந்தால் சரி.

சென்னையில் இது தலைகீழ். ஒரே ஊருக்குள் வீடு மாறினால் இடப்பெயர்வு இல்லை. 2011 பிப்ரவரியில் அம்பத்தூர் தனி நகராட்சி, அங்கிருந்து அண்ணாநகர் போனவர் இடம்பெயர்ந்தவர். அதே அக்டோபரில் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்து அம்பத்தூரை உள்ளே எடுத்துக்கொண்டது. இன்றைக்கு எண்ணூரிலிருந்து வேளச்சேரிக்கு நகரத்தின் ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடிக்குப் போனாலும் நகராதவர்தான்.

அப்புறம், அந்தக் கீரைப் பாட்டி. நேற்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அவர் வந்தது சுமாராக 1950-ஐ ஒட்டி. அப்போது திருத்தணி சித்தூர் மாவட்டம், சென்னை மாநிலம். 1953-ல் ஆந்திரா பிரிந்ததும் அது அந்தப் பக்கம் போனது. 1960 ஏப்ரல் 1-ல் திரும்பி வந்தது. நடுவில் ஆறரை வருஷம் பாட்டி வேற்று மாநிலத்தில் பிறந்தவர், தன் திண்ணையை விட்டு எழுந்திருக்காமலேயே. அவர் அன்றைக்கு ஏன் அப்படிக் கோபப்பட்டார் என்று எனக்கு இப்போதுதான் கொஞ்சம் புரிகிறது.

19 ஜூலை 2025

பருவத்துக்கு வந்து போகும் தொழிலாளிகள் கணக்கெடுப்பில் வருவதே இல்லை என்று வேறொரு பேச்சில் சொல்லியிருந்தேன். தவறு.

திருவள்ளூர்ப் பக்கம் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவின் பலாங்கீரிலிருந்து குடும்பம் குடும்பமாக வருவார்கள். மழை விட்டதும் வந்து, வெயில் முடிந்ததும் போவார்கள். பிப்ரவரியில் சூளை முழு வேகத்தில் எரியும். கணக்கெடுப்பு நடக்கும் நாட்கள் முழுக்க ஒருவர் வீட்டில் இல்லை என்றால், இருக்கும் இடத்தில்தான் அவரை எண்ண வேண்டும். அதனால் முறைப்படி அவர்கள் இங்கே, சூளையில் எண்ணப்பட வேண்டியவர்கள். தேதி ஜூலையில் இருந்தால் அவர்கள் ஒடிசாவில், எங்கும் போகாதவர்களாக இருப்பார்கள்.

முறைப்படி என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், பக்கத்துப் பகுதியில் வேலை செய்த டீச்சர் ஒரு சூளைக்குப் போனார். மேஸ்திரி வாசலிலேயே நிறுத்தி, "நாப்பது பேர்னு போட்டுக்குங்க" என்று அனுப்பப் பார்த்தார். டீச்சர் நகரவில்லை. இந்தி தெரிந்த ஒரு பையனைப் பிடித்து, பச்சைச் செங்கல் அடுக்கின் மேல் படிவத்தை வைத்து ஒவ்வொருவராக எழுதினார். பிறந்த ஊர் என்ற இடத்தில் ஒரு பெண் சொன்ன பெயரை மூன்று முறை திருப்பிக் கேட்டு எழுதியதாகச் சொன்னார். எழுதி முடித்தபோது 57 பேர். பதினேழு பேர் மேஸ்திரியின் வாயிலேயே காணாமல் போயிருப்பார்கள்.

2020 ஊரடங்கில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் சொந்த மாநிலத்துக்குத் திரும்பினார்கள் என்று அரசு பிறகு நாடாளுமன்றத்தில் சொன்னது. அவர்கள் நடக்கத் தொடங்கிய நாளில் அரசுகளின் கையில் இருந்தது ஒன்பது வருஷப் பழைய அட்டவணை. அந்தச் செங்கல் அடுக்கை அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

3 ஆகஸ்ட் 2025

பணி ஓய்வு பெற்றுவிட்டேன், 2027-க்கு என்னைக் கூப்பிட மாட்டார்கள். எங்கள் தெருவில் இருக்கும் இளம் ஆசிரியை போகக்கூடும். படிவம் இந்த முறை செல்போனில். அவளிடம் மூன்று விஷயம் சொல்லியிருக்கிறேன். "சொந்த ஊர் எது" என்று கேட்காதே, "அம்மா உங்களை எந்த ஊரில் பெற்றாங்க" என்று கேள். பெண்ணின் பதிலைப் பெண்ணிடமே கேள், பக்கத்தில் நிற்பவரிடம் கேட்காதே. மேஸ்திரி சொல்லும் எண்ணிக்கையை எழுதாதே. குறித்துக்கொண்டாள்.

31 ஆகஸ்ட் 2025

ஒரு திருத்தம். மகள் இந்தப் பேச்சு முழுவதையும் அவள் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினாள். மிக்சர் வரும் இடத்தில் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். முடிந்ததும் சொன்னது இது: 69 கிலோமீட்டர் சென்ட்ரல் வரைதான். அங்கிருந்து ஆபீசுக்கு பஸ்ஸில் இன்னும் நாலு கிலோமீட்டர், அதை ஏன் விட்டாய்? ஆக ஒரு பக்கம் 73. மொத்தம் பத்து லட்சத்து அறுபதாயிரம் கிலோமீட்டர். ஜூன் 29 குறிப்பில் அந்த எண்ணை இப்படித் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.